வாளியைத் திட்டுகிற வீடு

கண்ணாடிக்காரி என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறாள் என்பதற்காக மட்டும் வைத்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே மாமியார் பெரிய மருமகளிடம் குறைப்பட்டுக்கொண்டாள்: "இவ என் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கறா. மூக்கப் பாத்துப் பேசறா."

குறை பொய்யில்லை. எதிரில் யார் வந்து நின்றாலும் அவள் கண் முதலில் மூக்குத்தண்டில்தான் போய் உட்காரும். கண்ணாடி எங்கே நிற்கும், எங்கே வழுக்கும், இரண்டு காதும் ஒரே மட்டமா, ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த ஆளை வாங்க என்றே சொல்லுவாள். மாமியாருக்கு இடது காது ஏற்றம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். இத்தனை வருஷம் தலையோடு இருக்கிற காது, பெற்றவர்களும் சொல்லவில்லை, கட்டியவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மாமியார் அன்றைக்கெல்லாம் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை சின்னது. முன்னால் பிரேம் அடுக்கிய அலமாரி, ஒரு மேசை, மேசைமேல் முகம் பார்க்கிற வட்டக் கண்ணாடி. பின்னால் ஒரு அறை. சாணைச் சக்கரம் அங்கேதான். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க, லென்ஸின் ஓரத்தைச் சக்கரத்தில் கொடுப்பாள், எடுத்துப் பிரேமில் வைத்துப் பார்ப்பாள், இன்னும் ஒரு மயிரிழை என்று மறுபடி சக்கரத்துக்குப் போவாள். கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவை நகநுனியால் நகர்த்திக் குழியில் விழவைப்பாள். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று யாராவது வந்தால் எங்கே என்று கேட்கமாட்டாள். விரலை வைத்துத் தடவுவாள், அந்த இடத்தில் நிற்பாள், அவர்கள் "ஆ, அதேதான்" என்பார்கள். கடைக்காரர் பாராட்டுக்குப் பஞ்சம் பிடித்த மனிதர். அவரே வருகிறவர்களிடம், அந்தப் பெண் கை பட்டால் அந்தக் கண்ணாடி மறுபடி கடைக்கு வராது என்று சொல்லுவார். அதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்லுவார்.

இனி வீட்டைச் சொல்ல வேண்டும். கூடம் ஒன்று, அறை இரண்டு, சமையலறை, குளியலறை ஒன்றே ஒன்று. மேலே மொட்டைமாடி, மாடியில் துணிக்கொடி. மூத்த மகன் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற வேலை. அவர் மனைவி பெரியவள், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஊரார் துணியெல்லாம் தைப்பவள். அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் அம்மா தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டன. சின்ன மகன் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்கிறவன், அவன்தான் கண்ணாடிக்காரியின் புருஷன். எல்லோருக்கும் மேலே மாமியார். ஒரே அடுப்பு, ஒரே உலை.

அந்த வீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. அங்கே யாரும் யாரையும் நேராகத் திட்டுவதில்லை. மாமியாருக்குக் கோபம் வந்தால் வாளியைத் திட்டுவாள். "நிறைஞ்சு வழியறியே, குழாய மூடறதுக்கு இந்த வீட்டுல ஒரு கை இல்லையா?" என்று வாளியைக் கேட்பாள். யார் குழாயைத் திறந்துவிட்டுப் போனார்களோ அவர்கள் எழுந்து வந்து மூடுவார்கள். மூத்தவர் தன் செருப்பைத் திட்டுவார், தம்பிக்குக் கேட்கும்படி. பெரியவள் மிஷினைத் திட்டுவாள். "நீ ஓடும்மா, இந்த வீட்டுல ஓடறதுக்குன்னு பொறந்தது நீயும் நானும்தான்" என்று சொல்லிக்கொண்டே மிதிப்பாள். அடுத்த நிமிஷம் சமையலறையில் மாமியார் குரல் அம்மியிடம் பதில் சொல்லும். சில நாள் காலையில் அந்த வீட்டில் உயிருள்ளதுகளைவிட உயிரில்லாததுகளுக்குத்தான் வசவு அதிகம். ஆனால் ஒன்று, யாரையும் நேராகச் சொல்லாததால் யாருக்கும் மனசு புண்படாது. புண்பட்டாலும் காட்டிக்கொள்ள முடியாது, வாளியைத்தானே சொன்னேன் என்று வந்துவிடும். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கண்ணாடிக்காரிக்கு மட்டும் இந்தப் பேச்சு வரவில்லை. அவள் அப்பாவும் மகளும் மட்டுமே இருந்த வீட்டிலிருந்து வந்தவள். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், ஆங்கிலப் புத்தகங்கள்தான் அதிகம் வரும். அவர் எழுத்தெழுத்தாகப் பார்க்க, மகள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அந்த வீட்டில் சத்தம் என்றால் அதுதான். இங்கே வந்து சண்டை நடக்கும்போதெல்லாம் காய் நறுக்கிக்கொண்டே காதைக் கொடுத்திருப்பாள், வாயைத் திறக்கமாட்டாள். சினிமாவுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் பார் என்று பெரியவள் கேலி செய்வாள்.

கண்ணாடிக்கடையை ஒட்டி ஒரு வாடகை நூலகம் இருந்தது. அங்கே எடுத்துப் படித்த ஆங்கில நாவல்களில் ஒரு வகை அவளை விடாமல் பிடித்துக்கொண்டது. அட்டையில் வளையல் போட்ட கை ஒன்று இருக்கும், அல்லது பாதி முகம் இருக்கும். பின்னட்டையில் பாரம்பரிய இந்தியக் குடும்பத்தின் கதை என்று போட்டிருக்கும். உள்ளே போனால் மாமியார் இடுப்பில் சாவிக்கொத்தோடு பேயாக அலைவாள். அப்படி இல்லாவிட்டால் தெய்வமாக உட்கார்ந்திருப்பாள். ஆண்கள் பேசமாட்டார்கள். மருமகள் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பாள். பக்கத்துக்குப் பக்கம் ஏதாவது மணக்கும். கடைசியில் மருமகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறுவாள், குடும்பம் இரண்டாக உடையும், புத்தகம் முடிந்துவிடும்.

இந்தக் கதைகளையெல்லாம் மாடியில் துணி எடுக்கும்போது பெரியவளுக்குச் சொல்லுவாள். பெரியவளுக்குக் கதை என்றால் உயிர். ஆனால் சும்மா கேட்கமாட்டாள், குறுக்கே விழுந்துகொண்டே கேட்பாள்.

"அவ ஜன்னல்ல நின்னுட்டிருந்தாளே, அடுப்புல என்ன வெச்சிருந்தா?"

"அது எழுதலக்கா."

"துணி யாரு துவைச்சா?"

"அதுவும் எழுதல."

"அப்ப எழுதினது ஆம்பளை."

"பொம்பளைதான்க்கா."

"அப்ப வேலைக்கு ஆள் வெச்சிருக்கற பொம்பளை" என்று பெரியவள் துணிக் கவ்வியைப் பல்லில் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மாடியில் கேட்ட கதைகள் கீழே இறங்காமல் இருக்குமா? பெரியவள் தைத்துக்கொண்டே மாமியாருக்குச் சொல்லுவாள். பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். துணி கொடுக்க வந்தவர்களுக்கும் சொல்லுவாள். இப்படி இங்கிலீஷ் நாவல் என்றால் என்னவென்று அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு தெளிவு வந்துவிட்டது. அந்தத் தெளிவு பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறதென்று அப்போது யாருக்குத் தெரியும்.

கண்ணாடிக்காரிக்கு மெல்ல மெல்ல ஒரு ஆதங்கம் ஏறியது. இத்தனை புத்தகத்தில் ஒன்றிலாவது குளியலறை வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறவர்கள் வேண்டாமா? சிரிக்கிற மாமியார் ஒருத்தியாவது வேண்டாமா? அப்படியென்றால் நாமே எழுதிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தாள். மத்தியானம் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணசருகிற நேரம், பில் போடுகிற கம்ப்யூட்டர் அவளுக்குக் கிடைத்தது. முதலில் எழுதிய பக்கங்களைத் திரும்பப் படித்தபோது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவள் கதையிலும் ஒரு மருமகள் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அழித்துப் போட்டாள். மறுநாள், காலையில் குளியலறைக்கு முன்னால் யார் யார் எப்படி எப்படி நிற்பார்கள் என்பதை எழுதினாள். அன்றைக்குத்தான் கை ஓடியது.

கஷ்டம் எங்கே வந்தது என்றால், வாளியில் வந்தது. ஒரு பெண்பிள்ளை வாளியைத் திட்டினாள் என்று ஆங்கிலத்தில் எழுதினால் படிக்கிறவர் அவளுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிடுவார். இது யாருக்காகச் சொன்னது, ஏன் சொன்னது என்று விளக்கம் கொடுத்தாலோ பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆகிவிடுகிறது. பல நாள் முட்டி மோதினாள். கடைசியில் ஒரு லென்ஸை ராவிக்கொண்டிருக்கும்போது பட்டென்று பிடிபட்டது. விளக்கமே வேண்டாம். மாமியார் வாளியைத் திட்டட்டும், அடுத்த வரியில் மருமகள் எழுந்து போய்க் குழாயை மூடட்டும். போதும். யார் என்ன சொன்னாலும் சரி, அந்த ஒரு இடத்துக்காகவே அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லலாம். பெரிய படிப்புப் படித்தவளில்லை, சொல்லித்தர ஆளுமில்லை. பொறுமையாகத் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த இடத்துக்கு வந்தாள்.

எழுதினதில் பாதியைப் புத்தகம் போடுகிறவர்களுக்கு அனுப்பினாள். அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வாளிக் கட்டத்தில் ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டாளாம். மீதியைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் அடுத்து வெளியிடுகிற புத்தகப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்றாள். பிறகு, கதை எங்கே போய் முடிகிறது, சின்ன மருமகள் வீட்டைவிட்டுப் போகிறாளா என்று கேட்டாள். அவர்கள் இன்னும் இருந்துகொண்டுதானே இருக்கிறார்கள், தெரியவில்லையே என்று கண்ணாடிக்காரி பதில் சொன்னாள்.

அந்தச் சந்தோஷத்தைப் புருஷனிடம் சொன்னாள். அவன் கையில் பம்பு தங்கும், வயிற்றில் ரகசியம் தங்காது. அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில், நம் வீட்டைப் பற்றி இங்கிலீஷ் நாவல் வரப்போகிறது, வெளியூர் ஆட்களெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று போட்டு உடைத்துவிட்டான்.  மாமியார் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் நாவல் மாமியார்கள் வரிசையாக அவள் கண்ணில் வந்து போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் ரொம்ப சந்தோஷம் என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதே புதுசு.

மறுநாள் கண்ணாடிக்காரி கடைக்குப் போனதும் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து மாமியார் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். நாலு பேர் படிக்கப் போகிற விஷயம், அதனால் இனிமேல் இந்த வீட்டில் ஒரு முகக்கோணல் கூடாது, ஒரு சத்தம் கூடாது, வாளி, செருப்பு, மிஷின் எதையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

பிறகு அந்த வீடு இருந்த இருப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மாமியார் காலையிலேயே வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். மூத்தவர் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி, தாங்கள் தேநீர் அருந்தினீர்களா என்று தம்பியைக் கேட்டார். தம்பிக்குப் புரையேறிவிட்டது. குளியலறை வாசலில் ஒருவருக்கொருவர் நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று வழிவிட்டதில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தின. ஒரு நாள் வாளி நிறைந்து வழிந்து கூடம்வரை ஓடியது. மாமியார் அதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், தானே போய்க் குழாயை மூடிவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கண்ணாடிக்காரிக்குப் பயம் வந்தது.

அவள் எழுத்து நின்றுபோனது. எழுத என்ன இருக்கிறது? வாங்க, உட்காருங்க, களைப்பா இருப்பீங்க, இதையே எத்தனை பக்கம் எழுதுவது? அதைவிட வேறொன்று அவளை உள்ளுக்குள் அரித்தது. அவள் சமையலறைக்குள் நுழைந்தால் பேச்சு மாறியது. மாடிக்குப் போனால் பெரியவள் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள், கதை கேட்கவே இல்லை. காய் நறுக்க உட்கார்ந்தால், நீ ஏம்மா கஷ்டப்படறே என்று கத்தியை வாங்கிவிட்டார்கள். இந்த வீட்டில் யாரும் அவளிடம் இத்தனை மரியாதையாக இருந்ததில்லை. இத்தனை தூரமாகவும் இருந்ததில்லை. சண்டையில் அவள் ஒரு நாளும் சேர்ந்ததில்லை, உண்மைதான். ஆனால் அவளைச் சுற்றித்தான் அந்தச் சண்டை நடந்தது. இப்போது அவளை மட்டும் வாசலில் நிறுத்தி, உள்ளே என்னவோ நடந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பது கடையில் தெரிந்தது. வீட்டுத் தரகர் ஒருவர் படிக்கிற கண்ணாடிக்கு வந்தார். மூக்கில் பிரேமை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டே, உங்கள் வீட்டு மூத்தவருக்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டேன், ரெண்டு தெரு தள்ளித்தான், பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கிறது, மாசப் பிறப்புக்குக் குடி போகிறார்கள், நீங்களும் போய்ப் பார்த்தீர்களா என்று விசாரித்தார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டாள். ஸ்க்ரூ மட்டும் நழுவிக் கீழே விழுந்துவிட்டது. மண்டியிட்டுத் தேடினாள். அது கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் மேசைக்கு அடியிலேயே இருந்தாள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மூத்தவர் குடும்பம் தனியாகப் போகிறது. தெருவுக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் கூடப் படுத்து எழுகிற புருஷனுக்கும் தெரிந்திருக்கும். ஒரு ரகசியம்கூட வயிற்றில் தங்காதவன் இதை எப்படி அடக்கிவைத்தான் என்று நினைத்தபோதுதான் அவளுக்குத் தன் நிலைமை முழுதாக விளங்கியது. எல்லோரும் சேர்ந்து தனக்கெதிராக ஒன்றாகிவிட்டார்கள். அவர்களை எழுதப்போய் அவர்களில் ஒருத்தியாக இல்லாமல் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். நல்ல சேலையில் மாமியார் எழுந்து, "வாம்மா, உட்காரு, களைச்சுப் போயிருப்ப" என்றாள்.

கண்ணாடிக்காரி உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தை, அக்கா தனியாப் போறாங்களா?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் இப்படி நேருக்கு நேர் கேட்டதே இல்லை. மாமியார் பார்வை பழக்கதோஷத்தில் வாளி இருக்கிற பக்கம் ஓடியது. போட்ட சட்டம் ஞாபகம் வந்து திரும்பி வந்தது. மூத்தவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்தார்.

"தரகர் சொல்லித் தெரிஞ்சுக்கறேன் நான். தரகருக்குத் தெரியுது, எனக்குத் தெரியக்கூடாதா? நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா?"

"சத்தம் போடாத" என்றான் புருஷன்.

"நீங்க பேசாதீங்க. உங்களுக்கு அப்பறம் இருக்கு."

மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சொன்னா நீ எழுதிடுவ."

"எழுதினா என்ன அத்தை?"

"குடும்பம் உடைஞ்சுதுன்னு எழுதுவ. மாமியார் கொடுமைன்னு எழுதுவ. நீ சொன்ன கதையெல்லாம் அப்படித்தானே முடியுது? மாடியில அவ கேப்பா, கீழ வந்து எனக்குச் சொல்லுவா. ஒரு கதையிலயாவது மாமியார் மனுஷியா இருந்தாளா? பொண்ணுங்க வளந்துடுச்சு, எடம் பத்தல, போறாங்க. இது யார் செஞ்ச தப்பு? ஆனா இங்கிலீஷ்ல எழுதினா என் தலையிலதானே விடியும்?"

 தான் சொன்ன கதைகளே சுற்றி வந்து தன்னைக் கவ்விக்கொண்டதைக் கண்ணாடிக்காரி அப்போதுதான் பார்த்தாள். எந்தக் கதைகள் பொய் என்று நினைத்து எழுத ஆரம்பித்தாளோ, அந்தக் கதைகளைத்தான் இந்த வீடு உண்மை என்று நம்பிப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறது.

"சரி, நான் எழுதல. அந்தப் புத்தகமே வேண்டாம். நிறுத்திடறேன்" என்றாள். சும்மா மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. எத்தனை மத்தியானங்கள், எத்தனை அழித்தெழுதல். ஆனாலும் மனசாரத்தான் சொன்னாள்.

யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கோபம் வந்தது. பெரியவள் மிஷினை விட்டு எழுந்தாள். "நிறுத்துவியா? நல்லா இருக்கே. தினம் காலையில உன்ன முன்னால குளிக்க விட்டுட்டு நான் பச்சைத்தண்ணியில நிக்கறனே, அது எதுக்கு? ஒரு வார்த்தை பேசாம வாயைக் கட்டிக்கிட்டு எனக்கு நெஞ்செரிச்சலே வந்துடுச்சு. இவ நிறுத்திடுவாளாம்."

"உங்கள யாருக்கா வழிவிடச் சொன்னா?"

"இதோ, நல்ல சேலை கட்டிக்கிட்டு நிக்கறாங்களே, அவங்க."

"நான் சொன்னா நீ கேட்டுடுவியா? இத்தனை வருஷத்துல என்னிக்குக் கேட்ட?" என்று மாமியார் திரும்பினாள்.

பிறகு பிடித்துக்கொண்டது. அடக்கிவைத்தது அத்தனையும் வந்தது. குளியலறை வந்தது, அடுப்படியில் பாழான சேலை வந்தது, மூத்தவரின் வானொலித் தமிழ் வந்தது. சின்னவன் ரகசியம் காத்ததற்கு அவன் பெண்டாட்டியிடம் தனியாகவும் அண்ணியிடம் தனியாகவும் வாங்கிக் கட்டிக்கொண்டான். யாருக்கும் வாளி தேவைப்படவில்லை, செருப்பு தேவைப்படவில்லை. எல்லாம் ஆள் முகத்தைப் பார்த்தே நடந்தது. கண்ணாடிக்காரி நடுவில் நின்று எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசினாள். கடைசியில் எல்லோருக்கும் பசித்துவிட்டது.

சாப்பிடும்போது மாமியார் ஒரு நிபந்தனை போட்டாள். புத்தகத்தை நிறுத்தக்கூடாது. ஆனால் எழுதினதெல்லாம் தமிழில் சொல்லி அவள் காதில் விழ வேண்டும்.

விடுமுறை நாட்களில் மாடியில் துணிகளுக்கு நடுவில் அது நடந்தது. கண்ணாடிக்காரி ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லுவாள். மாமியார் அதிலும் குறை கண்டாள். தன்னைக் கெட்டவளாக எழுதியதாக இல்லை. நடுவில் நிறையப் பக்கம் தன்னைக் காணோமே, அப்போது நான் எங்கே போயிருந்தேன் என்பதுதான் குறை. மூத்தவர் படிக்கட்டில் உட்கார்ந்து அறுந்துபோகாத செருப்புவாரைத் தைத்துக்கொண்டிருப்பார். அவர் செருப்பைத் திட்டுகிற இடம் வந்தபோது அங்கிருந்து ஒரு செருமல் கேட்டது. சிரிப்பைத்தான் அப்படி மாற்றினார்.

மாசப் பிறப்பு வந்தது. பெரியவள் பெட்டிகளைக் கட்டினாள். மிஷினை மட்டும் கடைசியில் எடுத்தாள், அதைப் பழைய விரிப்பில் சுற்றிக் கயிறு போட்டாள். கண்ணாடிக்காரி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"இதையெல்லாம் எழுதுவியா?" என்று பெரியவள் கேட்டாள்.

"நீங்க சொன்னா எழுதறேன், இல்லன்னா வேண்டாம்."

"எழுது. ஆனா நான் அழுதேன்னு எழுதாத."

"அழறீங்களேக்கா."

"அழறேன். அத எழுதாத. நீ படிக்கற புத்தகத்துல எல்லாருந்தான் அழறாளுங்க."

கடைசி அத்தியாயத்தை எழுதி அனுப்பினாள். புத்தகம் போடுகிற பெண் மறுபடி போன் செய்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் குடும்பம் பிரிவதற்கு யார் காரணம் என்பது வரவில்லையே என்றாள். யாரும் இல்லை, பெண் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றாள் கண்ணாடிக்காரி. படிக்கிறவர்கள் அப்படி எதிர்பார்க்கமாட்டார்கள், மாமியாரிடம் ஒரு கடுமையான பேச்சாவது கொடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் மேலிடத்தில் ஒப்புக்கொள்வது சிரமம், அடுத்த பட்டியல் கைநழுவிப் போய்விடலாம் என்று அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். போன் பேசிய இடத்திலிருந்து கண்ணாடிக்காரிக்குச் சாணைச் சக்கரம் தெரிந்தது. ஒரு லென்ஸ் பாதி ராவியபடி கிடந்தது. "ரெண்டு தெரு தள்ளிப் போறதுக்கு யாரையும் கெட்டவங்களாக்க முடியாதுங்க. பட்டியல் போனா போகட்டும்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை. போனை வைத்துவிட்டு லென்ஸை முடித்தாள். இரண்டு காதும் ஏறுமாறாக இருந்த ஒருவருடையது அது, நன்றாகவே உட்கார்ந்தது.

பட்டியல் போய்த்தான் விட்டது. ஒரு வருஷம் பேச்சே இல்லை. அவளும் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, ஒரு வரியும் மாற்றவில்லை. அதற்கடுத்த பட்டியலில் புத்தகம் வந்தது. பெரிய பேர் ஒன்றும் கிடைக்கவில்லை. வாடகை நூலகத்தில் ஒரு பிரதி வாங்கி வைத்தார்கள். கடைக்காரர் தானும் ஒன்றை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், பிரேம்களுக்கு நடுவில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்திவைத்தார்.

பெரியவள் தன் பிரதியை வாங்க வந்தாள். அவள் தினமும்தான் வருவாள், புது வீட்டு மாடியில் வெயில் பற்றாது என்று துணியைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் காயப்போட வருவாள். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் வளையல் போட்ட கை இருந்தது. அதை மட்டும் கண்ணாடிக்காரியால் தடுக்க முடியவில்லை. தான் மிஷினைக் கட்டுகிற பக்கம் எது என்று பெரியவள் கேட்டாள். கண்ணாடிக்காரி எடுத்துக் காட்டினாள்.

"அழுதேன்னு இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப என்னதான் பண்றேன்?"

"மிஷினச் சுத்திக் கயிறு கட்டறீங்க. முடிச்ச அவுக்கறீங்க. திரும்பக் கட்டறீங்க. மறுபடி அவுக்கறீங்க."

பெரியவள் அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்தாள். படிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுக்கு நீ நான் அழுதேன்னே எழுதியிருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத்துணி வாளியைத் தூக்கச் சொல்லி அவளை முன்னால் மாடி ஏறவிட்டாள்.